இணையத் தீவிரவாதத்தை இரக்கக் கல்வி தடுக்குமா? இந்தோனேசியப் பெசந்த்ரென்கள் குறித்த விவாதம்

தென்கடல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இந்தோனேசியாவின் சமய விவகார அமைச்சர் நசருத்தீன் உமர் 2025 ஜூலையில் அன்பை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டார். இறைவன், அறிவு, சக மனிதர், இயற்கை, நாடு ஆகியவற்றின் மீது அன்பை வளர்ப்பதே சமயக் கல்வியின் மையமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதையொட்டி எனக்கு எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன். கைப்பேசித் திரையின் வழியாக வீட்டுக்குள் நுழையும் வன்முறைப் பிரசாரத்தை, மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஓர் இஸ்லாமியப் பள்ளியில் பழக்கப்படும் இரக்கம் எந்த அளவுக்குத் தடுத்து நிறுத்தும்?

பெசந்த்ரென் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கியாய் எனப்படும் ஆசிரியர், அவரிடம் தங்கிப் படிக்கும் சந்த்ரி எனப்படும் மாணவர்கள், அவர்களுடைய விடுதி, பள்ளிவாசல், கிதாபு எனப்படும் அரபு மார்க்க நூல்களின் பாடம் ஆகியவை சேர்ந்ததே பெசந்த்ரென். அமைச்சகத்தின் கணக்கில் இத்தகைய பள்ளிகள் 30,000-க்கும் மேல் இருக்கின்றன. இவற்றுக்கென 2019-இல் இயற்றப்பட்ட 18-ஆம் எண் சட்டம், நபிகளாரை ‘அகிலத்தாருக்கெல்லாம் அருட்கொடை’ என்று கூறும் திருக்குர்ஆன் வசனத்தின் (21:107) கருத்தையே பெசந்த்ரெனின் இலக்கணத்துக்குள் வைத்து, பணிவு, சகிப்பு, சமநிலை, நடுநிலை ஆகியவற்றை அதன் அடையாளங்களாகச் சொல்கிறது.

சட்டம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கருத்து கற்பித்தலின் அமைப்பிலேயே இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸனது எனும் அறிவிப்பாளர் தொடரோடு நபிமொழியை ஒப்படைக்கும் ஆசிரியர்கள், மாணவருக்கு முதன்முதலாகச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே ஒரு நபிமொழியை மரபாக வைத்திருக்கிறார்கள். “இரக்கம் காட்டுவோர் மீது அளவற்ற அருளாளன் இரக்கம் காட்டுகிறான், பூமியில் உள்ளோர் மீது இரக்கம் காட்டுங்கள், வானில் உள்ளவன் உங்கள் மீது இரக்கம் காட்டுவான்” என்பதே அது. தொழுகைச் சட்டமோ வாரிசுரிமைச் சட்டமோ தொடங்குவதற்கு முன்னால் இந்த வாக்கியம் மாணவருடைய காதில் விழ வேண்டும் என்று அந்த மரபு முடிவு செய்திருக்கிறது. மக்காவில் வாழ்ந்து 1990-இல் மறைந்த, பாடாங் வழிவந்த ஹதீஸ் அறிஞர் யாசீன் அல்-ஃபாதானியிடம் ஸனது பெற்ற இந்தோனேசிய மாணவர்கள் வழியாக இத்தகைய தொடர்கள் இன்றும் ஜாவாவில் உயிரோடு இருக்கின்றன.

இந்தக் கல்வி தீவிரவாதத்துக்கு எதிரான மிக வலுவான காப்பு என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடையவர்கள் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

மைவிளக்கு

தென்கடல் அவர்களின் பதிவில் உள்ள நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் வரலாற்றின் மறுபாதியைச் சொல்லாமல் இந்த விவாதம் நேர்மையாக நடக்காது. 2002 அக்டோபர் 12 அன்று பாலியில் நடந்த குண்டுவெடிப்பில் 202 பேர் உயிரிழந்தார்கள். அதில் தண்டிக்கப்பட்ட அம்ரோசி, முக்லஸ், அலி இம்ரான் ஆகிய மூவரும் கிழக்கு ஜாவாவின் லமோங்கன் மாவட்டத்தைச் சேர்ந்த உடன்பிறந்தவர்கள். அவர்களுடைய குடும்பமே ஒரு பெசந்த்ரெனை நடத்தியது. முக்லஸ் படித்தது சோலோ நகருக்கு அருகில் உள்ள ஙுருக்கி பெசந்த்ரெனில். அதை நிறுவியவர்களில் அப்துல்லா சுங்கரும் அபூபக்கர் பஆசீரும் அடங்குவர். விடுதியும், கிதாபும், கியாயும், பள்ளிவாசலும் அங்கேயும் இருந்தன. ஆகவே பெசந்த்ரென் என்ற வடிவத்துக்கே ஒரு காப்புச் சக்தி இருப்பதாகச் சொல்லிவிட முடியாது.

அடுத்ததாக, இணையத்தின் வழியாக இழுக்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். 2016 டிசம்பரில் ஜகார்த்தா அதிபர் மாளிகையைத் தாக்கத் திட்டமிட்டதாகக் கைது செய்யப்பட்ட பெண், வெளிநாடுகளில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்தவர். தனிமையில் ஃபேஸ்புக் வழியாகவும் டெலிகிராம் வழியாகவும் தீவிரவாதக் கருத்துகளை உள்வாங்கி, சிரியாவிலிருந்த ஒருவருடைய வழிகாட்டலில் அவர் செயல்பட்டார். 2021 மார்ச்சில் தேசியக் காவல்துறைத் தலைமையகத்துக்குள் தனியாக நுழைந்து சுட்ட பெண்ணுக்கு வயது 25. இப்படிப்பட்டவர்களைச் சென்றடையும் வழி எதுவும் பெசந்த்ரெனின் மதில்களுக்குள் இல்லை. போதாக்குறைக்கு, பெரும்பாலான பெசந்த்ரென்களில் மாணவர்கள் கைப்பேசி வைத்திருக்கவே அனுமதி கிடையாது. கைப்பேசியே இல்லாத இடத்தில் கற்பிக்கப்படும் இரக்கம், கைப்பேசிக்குள் நடக்கும் போருக்கு எப்படி ஆயத்தம் செய்யும் என்பதை யாராவது விளக்க வேண்டும்.

நெடுவழி

மைவிளக்கு எழுப்பிய இரண்டு ஆட்சேபங்களும் சரியானவை. ஆனால் முதல் ஆட்சேபம்தான் நமக்கு வழி காட்டுகிறது என்று நினைக்கிறேன். வடிவம் ஒன்றாக இருந்தும் விளைவு இப்படி வேறுபட்டதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், பிரசாரம் எந்த இடத்தில் பற்றிக்கொள்கிறது என்பது தெரியவரும்.

இணையப் பிரசாரம் பெரும்பாலும் செய்வது, ஒரு வசனத்தை அதன் முன்பின்னிலிருந்து வெட்டியெடுத்து, படத்தோடும் இசையோடும் சேர்த்து, ஆசிரியர் எவரும் இல்லாத ஒருவருடைய கையில் கொடுப்பதே. திருக்குர்ஆனின் அத்-தவ்பா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உடன்படிக்கையை முறித்தவர்களோடு போரிட்ட ஒரு சூழலில் வந்த அந்த வசனத்தை எல்லாக் காலத்துக்கும் எல்லோருக்கும் எதிரான கட்டளையாக அவர்கள் பரப்புகிறார்கள். அதற்கு அடுத்த 6-ஆம் வசனமோ, அந்த எதிரிகளில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் அவருக்கு அடைக்கலம் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து வாசித்த ஒரு பதினைந்து வயது மாணவனை முப்பது விநாடிக் காணொளியால் எளிதில் ஏமாற்ற முடியாது.

பழைய பெசந்த்ரென்களின் வாசிப்பு முறை இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. சொரோகான் முறையில் மாணவர் தனியாக ஆசிரியருக்கு முன் அமர்ந்து கிதாபை வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு வேற்றுமை உருபைத் தவறாகச் சொன்னாலும் ஆசிரியர் நிறுத்துவார். பஹ்சுல் மஸாயில் என்ற அமர்வில் நடைமுறைச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த இமாம் என்ன சொன்னார், அதற்கு ஆதாரம் என்ன, மறுத்தவர் யார் என்று மாணவர்கள் மணிக்கணக்காக வாதிடுவார்கள். முடிவில் இரண்டு கருத்துகள் நிலைத்துவிட்டாலும் இரண்டும் பதிவு செய்யப்படும். தன்னோடு முரண்படுகிறவரும் கிதாபிலிருந்தே பேசுகிறார் என்பதை இவ்வாறு பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய ஒருவருக்கு, மாற்றுக் கருத்துடையவரைக் காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்று தீர்ப்பளிக்கும் தக்ஃபீர் மனநிலை அந்நியமாகத் தோன்றும். ஙுருக்கி போன்ற இடங்களில் இந்தக் கருத்துப் பன்மை இடம்பெறவில்லை. அரசை நிராகரிக்கும் ஒற்றை அரசியல் வாசிப்பே முன்னால் வைக்கப்பட்டது. அதனால்தான் வடிவத்தை விட்டுவிட்டு உள்ளே நடக்கும் வாசிப்பைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

இனி இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருகிறேன். மாணவர் கையில் கைப்பேசி இல்லை என்பது உண்மை. ஆனால் ஆசிரியர்கள் இணையத்துக்குப் போயிருக்கிறார்கள். இஸ்லாமிய அறிஞர் உலில் அப்ஷார் அப்தல்லா 2017 ரமலானில் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா உலூமித்தீன் பாடத்தை ஃபேஸ்புக் நேரலையில் நடத்தத் தொடங்கினார். உள்ளத்தின் நோய்களையும், தற்பெருமையையும், கோபத்தையும் பற்றிப் பேசும் அந்த நூல், பெசந்த்ரென் வாசலை ஒருநாளும் மிதிக்காத நகரத்து மனிதர்களுக்கு இதன் வழியாகக் கிடைத்தது. ரெம்பாங் பகுதியைச் சேர்ந்த பஹாவுத்தீன் நூர்சாலிம், மக்கள் அன்போடு ‘குஸ் பஹா’ என்று அழைப்பவர், தம் பாடங்களில் மார்க்கத்தின் எளிமையையும் மகிழ்ச்சியையும் வலியுறுத்துகிறார். அவற்றை மாணவர்களும் கேட்பவர்களும் பதிவு செய்து யூடியூபில் ஏற்ற, நாடு முழுவதும் கேட்கப்படுகின்றன.

இரக்கம் இணையத்தில் என்ன வடிவம் எடுக்கும் என்பதற்கு 2016 நவம்பரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ரெம்பாங்கின் கியாய் முஸ்தஃபா பிஸ்ரி, தெருவில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நடத்துவது குறித்துத் தம் கருத்தை ட்விட்டரில் எழுதினார். ஓர் இளைஞர் அவரை மிகக் கீழான சொல்லால் ஏசினார். நாடே கொதித்தது, அவர் வேலை செய்த நிறுவனம் நடவடிக்கையில் இறங்கியது. கியாயோ அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இளைஞர் தம் தாயாரோடு ரெம்பாங் சென்று மன்னிப்புக் கேட்டபோது, மன்னிக்க வேண்டிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்ற பொருளில் பேசி அவரை வரவேற்றார். ஏசியவரை இன்னும் பத்து மடங்கு ஏசத் தயாராக இருந்த ஆயிரக்கணக்கான சீடர்களுக்கு, இதைவிடத் தெளிவான பாடம் எந்தக் கிதாபிலும் கிடைத்திருக்காது.

சாந்துணை

அஸ்ஸலாமு அலைக்கும். நெடுவழி அவர்களின் விளக்கத்தை மனநிறைவோடு வாசித்தேன். ஆனால் இதுவரை வந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள், ஆசிரியர்களாகச் சொல்லப்பட்டவர்கள் அனைவரும் ஆண்கள். 2018 மே 13 அன்று சுராபாயாவில் மூன்று தேவாலயங்களைத் தாக்கியது ஒரு முழுக் குடும்பம். தாய் தம் இரண்டு மகள்களையும் உடன் அழைத்துச் சென்றார். தாய்மார்கள் வரை பிரசாரம் சென்றடையும்போது, அவர்களோடு பேசக்கூடிய பெண் அறிஞர்கள் எங்கே என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

அதற்கு இந்தோனேசியாவிலேயே விடை இருக்கிறது. 2017 ஏப்ரலில் சிரெபோன் பகுதியில், மஸ்ரியா அம்வா என்ற பெண் தலைமை தாங்கும் கெபோன் ஜம்பு பெசந்த்ரெனில், இந்தோனேசியப் பெண் உலமாக்களின் மாநாடு கூடியது. பாலியல் வன்முறை, குழந்தைத் திருமணம், சுற்றுச்சூழல் அழிவு ஆகிய மூன்றைப் பற்றியும் அங்கே மார்க்கத் தீர்ப்புகள் வெளியிடப்பட்டன. பாதிக்கப்பட்ட பெண்ணின் அனுபவத்தை ஆதாரங்களோடு சேர்த்துக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அவர்களுடைய முறை. இரக்கம் என்பதை ஒரு சட்ட முறையியலாகவே மாற்றிய முயற்சி என்று இதை நான் கருதுகிறேன். இரண்டாம் மாநாடு 2022-இல் ஜெபாராவில் நடந்தது.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். பாண்டுங்கில் ஓர் உறைவிடப் பள்ளியை நடத்தியவர் 13 மாணவிகளைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 2022-இல் தண்டிக்கப்பட்டார். மூத்த மாணவர்கள் அடித்து இளைய மாணவர்கள் இறந்த நிகழ்வுகளும் வெளிவந்திருக்கின்றன. அதே ஆண்டில் சமய விவகார அமைச்சகம், தன் கீழுள்ள கல்வி நிறுவனங்களில் பாலியல் வன்முறையைத் தடுப்பதற்கான 73-ஆம் எண் விதியைப் பிறப்பித்தது. ஆசிரியருக்குக் கட்டுப்படுவதால் பரக்கத் எனும் இறையருள் கிடைக்கும் என்ற நம்பிக்கை, தவறு செய்யும் ஆசிரியரை எதிர்த்து வாய் திறக்க விடாமல் ஒரு சிறுமியைத் தடுக்குமானால், அந்தப் பள்ளியின் சுவரில் எழுதப்பட்ட இரக்க வாசகங்களை அவள் எப்படி நம்புவாள்? பள்ளிக்குள் நம்பிக்கை இழந்த பிள்ளை, தன்னைப் புரிந்துகொள்வதாகச் சொல்லும் முகம் தெரியாத ஒருவரைத் திரையில் தேடிப் போகும். கேள்வி கேட்காத கீழ்ப்படிதலைப் பழகிய மனம், நாளை வேறொரு தலைவருக்கும் அதே கீழ்ப்படிதலைக் கொடுக்கும். எனவே முறையீடு செய்யும் வழி, வெளியாட்களும் இடம்பெறும் விசாரணைக் குழு, மாணவர் எண்ணிக்கைக்குப் போதுமான விடுதிப் பொறுப்பாளர்கள் ஆகியவற்றையும் தீவிரவாதத் தடுப்பின் பகுதியாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

மைவிளக்கு

சாந்துணை அவர்கள் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். அதை வலுப்படுத்தும் அண்மைச் செய்தி ஒன்று: 2025 நவம்பர் 7 அன்று வடக்கு ஜகார்த்தாவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் வளாகத்தில் ஜும்ஆ நேரத்தில் குண்டுகள் வெடித்து 90-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சந்தேகத்துக்கு உள்ளானவர் அதே பள்ளியின் 17 வயது மாணவர். காவல்துறை வெளியிட்ட தகவல்களின்படி அவர் தனிமையில் உழன்றவர். இணையத்தில் அவரைக் கவர்ந்தவை மேலை நாடுகளின் வெள்ளை இனவெறிக் கொலையாளிகளின் செயல்கள். மார்க்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு வெறுப்பைத் தொழுகை நடக்கும் இடத்துக்கே ஓர் இந்தோனேசியச் சிறுவர் கொண்டுவந்தார் என்றால், வசனங்களுக்குச் சரியான விளக்கம் கொடுப்பது மட்டும் இவரைத் தடுத்திருக்காது. யாராவது ஒருவர் அவரோடு அமர்ந்து பேசியிருந்தால் தடுத்திருக்கலாம்.

இதை எழுதும்போதே, நெடுவழியின் வாதத்தைவிடத் தென்கடலின் முதல் பதிவுக்கு நான் நெருங்கி வருகிறேன் என்பதை உணர்கிறேன்.

தென்கடல்

மிகவும் பயனுள்ள பதில்கள். இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்; ஆனால் ஏற்கெனவே தவறிப் போனவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

வட சுமாத்ராவின் டெலி செர்டாங் மாவட்டத்தில் அல்-ஹிதாயா என்றொரு பெசந்த்ரென் இருக்கிறது. தீவிரவாத வழக்கில் சிறை சென்று திரும்பிய ஒருவரே அதை நிறுவினார். தண்டிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதே அதன் நோக்கம். தந்தையின் பெயர் தெரிந்ததும் மற்ற மாணவர்கள் கேலி செய்ய, அண்டை வீட்டார் ஒதுக்க, பள்ளியை விட்டு நின்றுவிடும் பிள்ளைகள் இவர்கள். பழிவாங்கும் எண்ணம் வேர்விட இதைவிட ஏற்ற நிலம் கிடையாது. ஆள் சேர்ப்பவர்களும் இவர்களைத்தான் முதலில் தேடி வருவார்கள். கிழக்கு ஜாவாவிலோ, நான் மேலே படித்த அதே லமோங்கன் குடும்பத்தைச் சேர்ந்த அலி ஃபௌசி, தம் ஊரிலேயே ‘லிங்கார் பெர்தமாயான்’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கி, சிறையிலிருந்து வெளிவருவோருக்கு வாழ்க்கையை மீட்டெடுக்க உதவுகிறார். குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தது தம்மை மாற்றியது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

2024 ஜூன் 30 அன்று, பாலி குண்டுவெடிப்பின் பின்னணியில் இருந்த தீவிரவாத அமைப்பான ஜமாஆ இஸ்லாமியாவின் மூத்த தலைவர்கள் அந்த அமைப்பைக் கலைப்பதாக அறிவித்தபோது, தங்களோடு தொடர்புடைய பெசந்த்ரென்களின் பாடத்திட்டத்தைச் சீர்செய்வதாகவும் உறுதியளித்தார்கள். அந்த உறுதி நடைமுறையில் சோதிக்கப்படும் காலம் இது. கிதாபுகளை மாற்றுவது எளிது. அங்கே பல ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர்களை அவமானப்படுத்தாமல் புதிய வாசிப்புக்குள் கொண்டுவருவதே கடினமான வேலை. அவர்களைச் சந்தேகத்தோடு மட்டுமே நடத்தினால், பிரிந்து செல்லும் சிறு குழுக்கள் உருவாகும்.

நெடுவழி

சரியான இடத்துக்கு வந்திருக்கிறோம். மைவிளக்கு கேட்ட கைப்பேசிக் கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன்; மீதியை இப்போது எழுதுகிறேன்.

ஆண்டுக்கு ஒருசில முறை சந்த்ரிகள் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறார்கள். மாதக்கணக்கில் தொடாத கைப்பேசி அன்று கையில் வருகிறது. படிப்பு முடிந்து வெளியேறும்போதோ அது நிரந்தரமாகிறது. பதினெட்டு வயதில், புதிய நகரத்தில், பல்கலைக்கழகத்திலோ தொழிற்சாலையிலோ, கியாய் அருகில் இல்லாத நிலையில். பெசந்த்ரெனின் பாடம் உண்மையில் சோதிக்கப்படுவது இந்த இரண்டு தருணங்களில்தான். கைப்பேசித் தடை அடக்கத்தையும் ஆழ்ந்த வாசிப்பையும் வளர்க்கிறது என்பதால் அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில், இணையத்தில் உலவும் உண்மையான பிரசாரக் காணொளி ஒன்றின் வாசகங்களை எடுத்துக்கொண்டு, பஹ்சுல் மஸாயில் முறையிலேயே மாணவர்கள் அதை ஆராய வேண்டும். இந்த வசனத்தின் முன்பின் எங்கே, சொல்பவரின் ஸனது யாரிடம் போகிறது, இதைப் பார்த்ததும் என் கோபம் ஏன் ஏறியது என்று கேட்டுப் பழக வேண்டும். மூன்றாவது கேள்வி கஸ்ஸாலியின் மரபிலிருந்து வருவது. அதை ஊடகக் கல்வியறிவுப் பயிற்சிகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

அரசின் பங்கைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஜூலையில் இந்தோனேசியா டெலிகிராமின் இணைய முகவரிகளை முடக்கியது. அடுத்த மாதமே அதன் நிறுவனர் ஜகார்த்தா வந்து, தீவிரவாத அலைவரிசைகளை விரைந்து நீக்க ஒப்புக்கொண்டார். தேவையான நடவடிக்கைதான். ஆனால் ஓர் அலைவரிசை மூடப்பட்டால் அதிலிருந்தவர்கள் வேறோர் இடத்தில் கூடுகிறார்கள். அவர்களை அங்கே இழுத்த காரணம் அப்படியே இருக்கிறது.

சாந்துணை

நெடுவழியின் யோசனையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெளியேறிய மாணவர்களுக்கும் பெசந்த்ரெனுக்கும் இடையே முன்னாள் மாணவர் சங்கம் என்ற வலுவான உறவு ஏற்கெனவே இருக்கிறது. பெரிய பெசந்த்ரென்களின் முன்னாள் மாணவர்கள் நாடெங்கும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டங்கள் ஆண்டு விழாவோடு நின்றுவிடாமல், வெளியேறி முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களோடு மாதம் ஒருமுறையாவது பேசும் பொறுப்பை மூத்தவர்களிடம் ஒப்படைத்தால், புதிய நகரத்தில் தனித்து விடப்படும் பிள்ளைக்கு அழைக்க ஓர் எண் இருக்கும். வெளிநாட்டுக்குப் பணிப்பெண்களாகச் செல்வோரில் பலர் பெசந்த்ரென்கள் நிறைந்த ஜாவாக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு விடுப்பு நாளில் நேரலைப் பாடம் நடத்தப் பெண் ஆசிரியர்கள் முன்வர வேண்டும். பாடம் முடிந்த பிறகு அவர்களுடைய சம்பளப் பிரச்சினையையும் வீட்டு நினைவையும் கேட்க நேரம் ஒதுக்க வேண்டும். 2016-இல் கைது செய்யப்பட்ட அந்தப் பெண்ணிடம் அப்படிப் பேச வந்தவர்கள் தவறானவர்களாக இருந்தார்கள்.

இதற்குப் பணம் வேண்டும். பெசந்த்ரென் நிதியளிப்புக்கென 2021-இல் 82-ஆம் எண் அதிபர் ஆணை வந்திருக்கிறது. அந்த நிதியிலிருந்து கட்டடங்களுக்கு ஒதுக்குவதற்கு முன்னால், விடுதிப் பொறுப்பாளர்களின் ஊதியத்துக்கும் மனநல ஆலோசகர்களுக்கும் ஒரு பங்கு கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே பொறுப்பாளர் என்ற நிலையில், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சாப்பிடாமல் படுத்துவிட்ட ஒரு பிள்ளையை அவரால் கவனிக்க முடியாது.